கீழ்ப் பள்ளி, மேசை எண் ஏழு

உங்கள் பிள்ளை படிக்கும் மேசையின் அடிப்பக்கத்தை என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

மேல்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று இருந்தால் பள்ளிக்கூடத்தை மெச்சியிருப்பீர்கள். அடிப்பக்கம் யாருக்கு வேண்டும்? அங்கே சூயிங்கம் ஒட்டியிருக்கும், சிலந்தி வலை இருக்கும். ஒரு தச்சருடைய கையெழுத்தும் இருக்கக்கூடும்.

அந்தத் தச்சருக்கு ஊரில் ‘முக்கால்’ என்று பெயர். வலது கை ஆள்காட்டி விரலில் கால்பங்கை ரம்பம் வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அந்தப் பெயர். “முழுசா ஒரு ஆள் வேணும்னா வேற பட்டறைக்குப் போங்க” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கால்வாய்த் தெருவின் கோடியில் தகரக் கொட்டகைதான் பட்டறை. அதன் பின்பக்கத்து இரண்டு அறைகள் வீடு. மெருகு எண்ணெயின் நெடி சுவரைத் தாண்டி வந்து சோற்றுப் பானை வரைக்கும் எட்டிப் பார்க்கும்.

முக்காலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமான் செய்தாலும் அது எங்கே போகவேண்டும் என்பதைத் தடித்த பென்சிலால் அடிப்பக்கத்தில் எழுதிவிடுவார். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு தொட்டிலைக் கொண்டுபோய்க் கல்யாணமே ஆகாத ஒரு வாத்தியார் வீட்டில் இறக்கிவிட்டார். தெருவே மூன்று நாள் சிரித்தது. வாத்தியார் மூன்று மாதம் வெளியே தலைகாட்டவில்லை. அதிலிருந்து எழுதாமல் ஒரு முக்காலியைக்கூட அவர் வெளியே அனுப்பியதில்லை.

ஊரில் அரசுப் பள்ளிகள் இரண்டு. சரிவின் மேலே ஒன்று, கால்வாய்க்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே துறை, ஒரே பாடப்புத்தகம், பலகையில் ஒரே எழுத்து. இரண்டுமே எல்லாருக்கும் பொது என்று சட்டம் சொல்கிறது. மேல் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர். கீழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரே வரலாறும் நடத்துவார், விளையாட்டு நேரத்தில் விசிலும் ஊதுவார். மேல் பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் வக்கீல்கள் உண்டு, மருத்துவர்கள் உண்டு, கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டால் எதிர்முனையில் எழுந்து நிற்கவைக்கும் ஆட்கள் உண்டு. கீழ்ப் பள்ளியின் பெற்றோருக்குச் சங்கம் நடத்த நேரம் இல்லை. கூட்டம் போடும் மணிக்கு அவர்கள் மேல்தெருக்காரர்களின் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் துறை ஒரு காரியம் செய்தது. கீழ்ப் பள்ளிக்கு அறிவியல் ஆய்வகம் அமைக்கப் பன்னிரண்டு மேசைகளுக்கு உத்தரவு போட்டது. வேலை முக்காலுக்கு வந்தது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். அமிலம் கொட்டினாலும் அசையாத கெட்டி மரம். நான்கு கால்களையும் கீழே குறுக்குச் சட்டம் போட்டு, பசை வைத்து, ஆப்பு அடித்து இறுக்கினார். யானை ஏறி நின்றாலும் ஆடாது என்று பெருமை. ஒவ்வொன்றின் அடியிலும் ‘கீழ்ப் பள்ளி – 1’ தொடங்கி ‘கீழ்ப் பள்ளி – 12’ வரை எழுதினார். அப்போது நான்காம் வகுப்பில் இருந்த மகள், “எழுத்து கோணலா இருக்குப்பா” என்று குறை சொன்னாள்.

எல்லாம் அளந்தவர் ஒன்றை அளக்கவில்லை. அந்த அறையின் வாசலை.

லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, வாசல் இரண்டரை அடி. மேசையை எப்படிப் புரட்டினாலும் நுழையாது. காலைக் கழற்றவும் வழியில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தார். வாசலின் நிலையைப் பெயர்த்தெடுத்தால் மேசை உள்ளே போகும். அரை நாள் வேலை. ஆனால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் பரம்பரையை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். கல்வி அலுவலகத்து மேற்பார்வையாளருக்குப் போன் போட்டபோது, “மேல் பள்ளியில பெரிய வாசல் இருக்கு. இப்போதைக்கு அங்க இறக்கி வைங்க. அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

முக்காலுக்கு அப்பாடா என்றிருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து, காய்ந்த துணி மாற்றிக்கொண்டு, நன்றாகத் தூங்கினார். இதை மறைத்து அவரை உத்தமராக்குவதில் அர்த்தமில்லை. அந்த அரை நாள் வேலையை அவர் செய்யவில்லை.

‘இப்போதைக்கு’ என்ற சொல்லுக்கு ஆறு வயது ஆனது. அந்த மேசைகள் என்ன ஆயின என்று முக்காலும் போய்ப் பார்க்கவில்லை. மகளுக்குப் பதினாறு.

அந்தப் பெண்ணுக்கு ஒரு கேள்வி இருந்தது. மெருகு எண்ணெய் பூசும் நாளெல்லாம் அப்பாவுக்கு ஏன் தலை பிளக்கிறது? அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது? டப்பாவில் எழுதியிருந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய் அறிவியல்-வரலாறு-விசில் ஆசிரியரிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர். “எனக்குத் தெரியலம்மா. பிளஸ் ஒன்ல கெமிஸ்ட்ரி எடுத்தேன்னா நீயே கண்டுபிடிச்சுடலாம்” என்றார்.

கீழ்ப் பள்ளியில் பிளஸ் ஒன் உண்டு. அறிவியல் பிரிவு இல்லை. அவளுடைய வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் அறிவியல் பிரிவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆய்வகம் இல்லாத பள்ளியில் அந்தப் பிரிவு தொடங்க முடியாது என்று பதில் வந்தது. மேல் பள்ளியில் இடம் இருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் அவளுடைய கேள்விக்கு ஆயுசுக்கும் பதில் கிடையாது.

திங்கட்கிழமை முக்கால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு மேல் பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் தலைமையாசிரியரின் புருவம் உயர்ந்தது. முகவரியைப் பார்த்ததும் இறங்கியது.

“கால்வாய்த் தெருவா? நம்ம எல்லைக்குள்ள வராதேப்பா.”

“இங்கேருந்து கத்துனாக் கேக்குற தூரம் சார்.”

“கத்துனாக் கேக்குறதெல்லாம் எல்லையில்ல. மேப்புல இருக்கணும்.”

சுவரில் அந்த மேப்பும் இருந்தது. பள்ளியைச் சுற்றிச் சிவப்புக் கோடு. சரிவில் நேராக இறங்கி வந்த கோடு, கால்வாய்த் தெருவைக் கண்டதும் சேற்றில் கால் படாமல் தாண்டுகிறவனைப் போல வளைந்து, அதற்கும் அப்பால் இருந்த புது அடுக்குமாடிக் குடியிருப்பை மட்டும் அணைத்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது. அளவுகோல் இல்லாமலே தூரம் சொல்லும் கண் முக்காலுக்கு. அடுக்குமாடி அவருடைய வீட்டைவிட இரண்டு மடங்கு தொலைவு.

“இந்தக் கோட்டைப் போட்டது யாரு சார்?”

“அது பெற்றோர் சங்கமும் ஆபீஸும் பேசி முடிவு பண்ணது. என் கையில என்ன இருக்கு? எல்லாம் அவங்கவங்க கொடுத்து வெச்சதுப்பா.” நாற்காலியில் சாய்ந்தவருக்கு ஏதோ நினைவு வந்தது. “நீ தச்சருல்ல? வந்ததும் வந்த, லேப்ல ஒரு மேசை ஆடுது. என்னன்னு பாத்துட்டுப் போயேன்.”

மகளுக்கு இடம் இல்லை என்று சொன்ன அதே மூச்சில் வேலை வாங்குகிற வாய்! முக்கால் ஆய்வகத்துக்குப் போனார். தொழில்காரனுக்கு ஆடுகிற மேசையை ஆடவிட்டு நகர மனம் வராது.

ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக மின்னின. மேசைகளின் முகப்பில் பித்தளைத் தகடுகள் பதித்திருந்தார்கள்: ‘பெற்றோர் சங்கத்தின் அன்பளிப்பு.’ ஆடிய மேசையின் அடியில் முக்கால் மல்லாந்து படுத்தார். குறுக்குச் சட்டம் லேசாக விட்டிருந்தது. ஆப்பைத் தட்டக் கையை உயர்த்தியபோதுதான் கண்ணில் பட்டது. கோணல் எழுத்து. தன்னுடைய எழுத்து.

‘கீழ்ப் பள்ளி – 7.’

ஆப்பைத் தட்டாமல் படுத்தபடியே அந்த எழுத்தைத் தடவினார். கொடுத்து வைத்ததாம்! விதிக்கு லாரி தேவையில்லை. இந்த மேசைகள் லாரியில் வந்தன. அதை ஓட்டியவர் ஒருவர் இருந்தார், போனில் உத்தரவு போட்ட வாய் ஒன்று இருந்தது, மழைக்குப் பயந்து சரி என்று தலையாட்டிய தச்சர் ஒருவர் இருந்தார். பிறகு ஆற அமரத் தகடு அடித்த கையும் ஒன்று இருந்தது. எல்லாரும் மனிதர்கள். எல்லாருக்கும் முகவரி உண்டு.

அங்கிருந்து நேரே கீழ்ப் பள்ளிக்குப் போனார். அங்கே தலைமையாசிரியையைப் ‘பெரிய டீச்சர்’ என்பார்கள். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கேட்டதும் பீரோவைத் திறந்து இருப்புப் பதிவேட்டைக் காட்டினார். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியில், பழைய தலைமையாசிரியரின் கையெழுத்தோடு தெளிவாக இருந்தது: ‘ஆய்வக மேசை – பன்னிரண்டு – பெறப்பட்டது.’

“மேசை எங்கன்னு நானும் மூணு தடவை எழுதிக் கேட்டுட்டேங்க. பதிவேட்டுல இருக்கே, அப்புறம் ஏன் கேக்குறீங்கன்னு பதில் வந்துச்சு” என்றார் டீச்சர். “சரி, அப்ப அறிவியல் பிரிவு கொடுங்கன்னு எழுதினேன். ஆய்வுக்கு வந்தவங்க மேசை இல்லைன்னு எழுதியிருக்காங்க, அதனால தர முடியாதுன்னு இன்னொரு பதில். ரெண்டு பதிலும் ஒரே ஆபீஸ், ஒரே முத்திரை. இந்தாங்க, பாருங்க.”

பன்னிரண்டு மேசைகள் இருக்கின்றன, ஆகவே புதிதாகத் தர முடியாது. பன்னிரண்டு மேசைகள் இல்லை, ஆகவே பாடம் தர முடியாது. இப்படி எழுதிய கை அன்றைக்கும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கும்.

புதன்கிழமை முக்கால் மறுபடியும் மேலே போனார். மேசையின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னார். தலைமையாசிரியர் பதறவில்லை. மகளின் விண்ணப்பத்தை வாங்கி, சிவப்பு மையில் ‘சிறப்பு அனுமதி’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேசை டிராயருக்குள் வைத்து மூடினார்.

“லேப் மேசைங்க அடியில சொரசொரன்னு இருக்காம். பிள்ளைங்களுக்கு முட்டியில கீறுதுன்னு சொல்றாங்க. நாளைக்கு வந்து பன்னெண்டையும் சுத்தமா இழைச்சு விட்டுரு. வேலை முடிஞ்சதும் இதை வாங்கிட்டுப் போ. வெள்ளிக்கிழமை சங்கத்துக் கூட்டம் அங்கதான் நடக்கப் போகுது. பாக்கறதுக்கு நீட்டா இருக்கணும், என்ன?”

வீட்டில் மனைவி ஒரு முழு விநாடிகூட யோசிக்கவில்லை. துணிக்கடைக் கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துப்போனவள்.

“இழைச்சுட்டு வாங்க.”

“முப்பத்தெட்டுப் பிள்ளைங்க...”

“முப்பத்தெட்டையும் நானா பெத்தேன்? நான் பெத்தது ஒண்ணு. அதுக்கு ஒரு கதவு திறக்குது. இன்னிக்கு வந்து நியாயம் பேசுறீங்களே, அன்னிக்கு மழையில வாசலை அளந்து பார்த்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. மனுஷனுக்கு விரல் முக்கால்னா பரவாயில்ல, புத்தியும் முக்காலா இருந்தா எப்படி?”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

வியாழக்கிழமை காலை இழைப்புளியும் பையுமாக மேல் பள்ளிக்குப் போனார். முதல் மேசையைக் கவிழ்த்தார். ஆறு வருடத்து எழுத்து ஒரே இழுப்பில் சுருண்டு தரையில் விழுந்தது. இரண்டு. மூன்று. கை பழகிய வேலை, மனம் தேவையில்லை. ஐந்தாவதை முடித்தபோது, டிராயரில் இருக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று வரச் சொல்லியிருந்த மகள் வாசலில் நின்றாள். முதல் முறையாக ஓர் ஆய்வகத்துக்குள் கால் வைக்கிறாள். குடுவைகளைப் பார்த்தாள். தகடுகளைப் படித்தாள். அப்புறம் குனிந்து தரையிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தாள். ‘ழ்ப் பள்’ என்று மட்டும் இருந்தது.

“இது கோணல் எழுத்துல்ல? நான் சொன்னேனே...” என்றவள் நிறுத்தினாள். “அப்பா, இது எங்க மேசையா?”

முக்கால் இழைப்புளியின் வாயில் சிக்கிய சீவலை எடுப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

“உனக்குச் சீட்டு கிடைச்சாச்சு. போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ.”

“இங்க வந்து படிக்கும்போது, தினமும் கையைக் கீழே விட்டுத் தடவிப் பாப்பேன்ப்பா. மொழுமொழுன்னு இருக்கும்.” குரல் உயரவில்லை. ஆனால் கண்ணில் தீ இருந்தது. “அவரு டிராயர்ல என் பேரை வெச்சுப் பூட்டியிருக்காரு. இனிமே இங்க எது ஆடுனாலும் நீங்கதான் ஓடி வரணும். நான் எது கேட்டாலும் ‘உன்னைச் சேர்த்ததே பெருசு’ன்னு சொல்லுவாங்க. இதுக்குப் பேரு சீட்டா?”

“அம்மாகிட்ட யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்லிக்கிறேன். நீங்க இழைக்கிறதை நிறுத்துங்க.”

நிறுத்தினார். பிறகு பையிலிருந்து உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்தார்.

பென்சில் போன ஐந்து மேசைகளில் அதே வாசகத்தை அரை அங்குல ஆழத்துக்குச் செதுக்கினார். மீதி ஏழிலும் பென்சில் எழுத்தின் மேலேயே உளி ஓட்டினார். இனி அதை எடுக்கவேண்டுமானால் மேசையையே இரண்டாகப் பிளக்கவேண்டும். அப்பா செதுக்க, மகள் ஸ்குரூ டிரைவரால் பித்தளைத் தகடுகளைக் கழற்றினாள். பன்னிரண்டு மேசைகளையும் கால் மேலே நிற்கும்படி கவிழ்த்து வரிசையாக விட்டார்கள்.

தகடுகளைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் முன்னால் வைத்தார் முக்கால்.

“இது உங்களுது சார். மீதியெல்லாம் எங்களுது.”

தலைமையாசிரியர் ஆய்வகத்துக்கு ஓடிப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து டிராயரைத் திறந்தார். விண்ணப்பத்தை எடுத்தார். அந்தப் பெண்ணின் கண்ணெதிரே நான்காகக் கிழித்தார். சிறப்பு அனுமதியின் ஆயுசு ஒரு நாள்.

வெள்ளிக்கிழமை, ஆள் பிடித்து எல்லாவற்றையும் நிமிர்த்துவதற்கு முன்பே கூட்டத்துக்கு வந்துவிட்ட சங்கத்துக்காரர்கள் கவிழ்ந்து கிடந்த மேசைகளைச் சுற்றி நின்றார்கள். எவருக்கும் படிக்கத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மேசையை நிமிர்த்திப் போடச் சொன்னார் தலைவர். “இதையெல்லாமா குனிஞ்சு பாத்துக்கிட்டிருப்பாங்க?” என்றாராம். ஒரே ஒரு தாய் மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியேறினார். அந்தப் படம் மாலைக்குள் கால்வாய்த் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

மனைவி இரண்டு நாள் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் சொன்னாள். மூன்றாம் நாள் முக்கால் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, “எங்க?” என்றாள்.

“அளக்காம விட்ட வாசலுக்கு.”

“இந்தத் தடவையாவது டேப்பை எடுத்துக்கிட்டுப் போங்க” என்று அதை அவருடைய பையில் போட்டாள்.

கீழ்ப் பள்ளியில் அந்த அறையின் நிலையைப் பெயர்த்து, சுவரை இடித்து, நான்கடி வாசலாக வைத்தார். சரியாக அரை நாள் ஆனது. ஆறு வருடம் தள்ளிப்போட்ட அரை நாள்.

வேலையை முடித்துக் கை கழுவும்போது கல்வி அலுவலகத்துக் கடிதம் வந்தது. அரசுச் சொத்தாகிய பன்னிரண்டு ஆய்வக மேசைகளை உளியால் செதுக்கிச் சேதப்படுத்தியதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று பத்து நாளில் நேரில் வந்து விளக்கம் தரவேண்டுமாம். முக்கால் அதை ஈரக் கையோடு மகளிடம் நீட்டினார். மகள் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

“அப்பா, அரசுச் சொத்துன்னு அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. அப்ப சங்கத்தோட அன்பளிப்பு எங்க போச்சு? அரசு யாருக்குன்னு வாங்கிச்சுன்னு பதிவேடு சொல்லுது. யாருக்குன்னு செஞ்சதுன்னு மேசையே சொல்லுது. நமக்கு இன்னும் என்ன வேணும்?”

பெரிய டீச்சர் பதிவேட்டின் பக்கம், பழைய இரண்டு பதில்கள், இந்தக் கடிதம் என்று நான்கு காகிதங்களுக்கும் நகல் எடுத்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டார்கள். முக்கால், வாசலை அளக்காமல் விட்டதும், வேறு இடத்தில் இறக்கியதும் தன்னுடைய தவறு என்று தன் கைப்படத் தனியாக எழுதிக் கொடுத்தார். கோணல் எழுத்துதான். விளக்கம் சொல்லும் நாளில் அவர்கள் எல்லாருமாக அந்த அலுவலகத்துக்குப் போகிறார்கள். அவளுக்கு இன்னும் எந்தப் பள்ளியிலும் அறிவியல் பிரிவில் இடம் இல்லை. நான்கடி வாசல் திறந்து கிடக்கிறது, உள்ளே அறை வெறுமையாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்று சொல்லத் தோன்றினால் அதை வாயிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு அது வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி இருக்கும். நாளைக்கே போங்கள். இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எழுதியிருப்பது அந்த அறைகளில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் எங்கே என்று கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். உங்கள் பிள்ளை படிப்பது மேல் பள்ளியாக இருந்தால், முதலில் அங்கேயே குனிந்து பாருங்கள். அடியில் வேறு பள்ளியின் பெயர் இருந்தால், நீங்களே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வாருங்கள்.